ஒரு புனிதரைச் சிநேகம் பிடிப்பது எப்படி?

எங்கள் ஆச்சி வீட்டில் சாவிக்கொத்து தொலைந்தால் ஆச்சி முதலில் தேடிப் போவது அந்தோணியார் படத்தைத்தான். படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "எய்யா அந்தோணியாரே, காலையில இருந்து தேடுதேன். ஒமக்குக் கண்ணு தெரியலையா?" என்று தொடங்கும் அந்த செபம் எந்த செபப்புத்தகத்திலும் கிடையாது. அரை மணி நேரத்துக்குள் சாவி கிடைக்காவிட்டால் படம் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். கிடைத்ததும் முந்தானையால் தூசி துடைத்து, முத்தமிட்டு, மறுபடி நேராக மாட்டுவாள்.

இதைப் பார்த்து வளர்ந்த எனக்குப் புனிதர் பக்தி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும் என்பது கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த என் மைத்துனரின் மனைவி கேட்ட கேள்விகளில்தான் எனக்கு விளங்கியது. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டது கிடைக்காவிட்டால் என்ன செய்வது, திட்டலாமா? அவளுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதுகிறேன். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும், பத்துப் பதினைந்து வருஷம் கோயில் பக்கமே வராமல் இப்போது திரும்பியிருப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டு அக்காவோடு செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தோணியார் கோயிலுக்கு வந்து பின்வரிசையில் நிற்கும் பிற சமயத்தவர்களுக்கும் இது உதவலாம்.

மன்றாட்டு மாலையைக் காது கொடுத்துக் கேளுங்கள்

ஒருவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் செபம்தான் புனிதர்களின் மன்றாட்டு மாலை. அதில் மக்கள் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். தந்தை, மகன், தூய ஆவி என்று வரும்போது "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்பார்கள். மரியாவிடமும் புனிதர்களிடமும் வந்ததும் பதில் மாறிவிடும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." பழக்கத்தில் யாரும் யோசிக்காமல் மாற்றிச் சொல்கிற இந்த இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இரங்குகிறவர் கடவுள். புனிதர் நமக்காக அவரிடம் போய்க் கேட்கிறவர். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு அதைவிடச் சற்று மேலான வணக்கம் என்று திருச்சபை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, செய்கிற மரியாதை சுரூபத்தில் நின்றுவிடாமல் அது யாரைக் காட்டுகிறதோ அவரைப் போய்ச் சேருகிறது என்று 787இல் நடந்த இரண்டாம் நிசேயா பொதுச்சங்கமே சொல்லிவிட்டது.

அப்பாவிடம் நேராகப் போய்க் கேட்கலாமே, நடுவில் எதற்கு ஆள் என்பார்கள். கேட்கலாம், தடையே இல்லை. ஆனால் பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், அப்பா அன்பானவர்தான் என்றாலும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பதில் ஒரு தெம்பு உண்டு. பெரியப்பாவுக்கும் நம்மைக் கூட்டிப் போவதில் ஒரு சந்தோஷம்.

யாரைப் பிடிப்பது?

முதலில் உங்கள் பெயரையே பாருங்கள். நம் ஊரில் பாதிப்பேர் தங்கள் பாதுகாவலரைப் பெயராகச் சுமந்துகொண்டு, அது யார் என்று தெரியாமலே திரிகிறார்கள். சூசை என்றால் யோசேப்பு, ராயப்பன் என்றால் பேதுரு, அருளப்பன் என்றால் யோவான், பெலவேந்திரன் என்றால் அந்திரேயா, சந்தியாகு என்றால் யாக்கோபு, சவரிமுத்து என்றால் சவேரியார். ஞானப்பிரகாசம் என்ற பெயர் அலோசியஸ் கொன்சாகாவுக்குத் தமிழில் வைத்தது. சின்னப்பர் என்றால் பவுல், ஏனென்றால் பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சின்னவர் என்று பொருள். என் பள்ளித் தோழன் ஒருவன் சின்னப்பன் என்ற பெயரைத் தாத்தா சும்மா வைத்துவிட்டார் என்று நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்த அன்று பவுலின் திருமுகங்களை எடுத்து உட்கார்ந்தவன் கொரிந்தியரில் பாதியிலேயே நிற்கிறான் என்பது வேறு கதை.

பெயரில் யாரும் அகப்படவில்லை என்றால் தொழிலைப் பாருங்கள். சமையல்காரர்களுக்கு லாரன்ஸ். 258இல் ரோமில் கொல்லப்பட்டவர். இரும்புக் கிராதியில் போட்டு வாட்டியபோது "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்றாராம். அதைச் சொன்னவரைச் சமையல்காரர்களுக்குப் பாதுகாவலராக வைத்த திருச்சபைக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு. வழக்கறிஞர்களுக்கு ஈவோ. பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதிக்காரர், 1303இல் இறந்தவர், ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வழக்காடியவர். அவரைப் பற்றி லத்தீனில் ஒரு பழைய பாட்டு உண்டு: வக்கீல், ஆனாலும் திருடர் இல்லை, பார்த்து ஊரே வியந்தது! சந்தேகப் பிராணிகளுக்கு, இயேசு உயிர்த்ததை முதலில் நம்ப மறுத்த தோமையார் இருக்கிறார், சென்னைக்காரர்களுக்கு அவரை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பரீட்சை எழுதுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கூப்பர்த்தினோ ஊர் யோசேப்பை. 1603இல் இத்தாலியில் பிறந்தவர். படிப்பு சுத்தமாக ஏறாது. நற்செய்தியில் "உம்மைத் தாங்கின வயிறு பேறுபெற்றது" என்ற ஒரே ஒரு வசனத்துக்கு மட்டும்தான் அவரால் ஒழுங்காக விளக்கம் சொல்ல முடியும். குருப்பட்டத்துக்கு முந்தின படியான தியாக்கோன் பட்டத்துக்கான தேர்வில் ஆயர் புத்தகத்தைத் திறந்து கேட்டது சரியாக அந்த வசனத்தை! அடுத்தது குருப்பட்டத் தேர்வு. முதலில் வந்த சிலர் பிரமாதமாகப் பதில் சொல்ல, ஆயர் மகிழ்ந்துபோய் மற்றவர்களைக் கேட்காமலே தேர்ச்சி போட்டுவிட்டார். மற்றவர்களில் ஒருவர் நம் யோசேப்பு. செபத்தில் ஆழ்ந்தால் தரையிலிருந்து எழும்பி மிதப்பார் என்றும் பார்த்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், அதனால் விமானிகளும் அவரைத் தங்கள் ஆள் என்கிறார்கள். செப்டம்பர் 18 அவர் விழா. பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அந்த ஒரு வசனத்தையாவது அவர் படித்திருந்தார்.

சிலரை நாம் தேட வேண்டியதில்லை, அவர்களாக வந்து பிடிப்பார்கள். லிஸ்பன் நகரில் 1647இல் பிறந்த ஒரு பையன் சின்ன வயதில் கடுமையாக நோயில் விழுந்தான். அவன் அம்மா பிரான்சிஸ் சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிழைத்தால் ஒரு வருஷம் இயேசு சபையினரின் அங்கியை அவனுக்கு உடுத்துவது என்பது நேர்ச்சை. பையன் பிழைத்தான். அந்தக் குட்டி அங்கியோடு அரண்மனை வட்டாரத்தில் திரிந்தான். ஒரு வருஷத்தில் அங்கியைக் கழற்றியிருக்க வேண்டும், ஆனால் அது அவன் மனதை விட்டு இறங்கவில்லை. வளர்ந்து இயேசு சபையில் சேர்ந்து, சவேரியார் வந்த பக்கமாகவே கப்பலேறி, மறவர் நாட்டுக்கு வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தான். நாம் அருளானந்தர் என்று கும்பிடும் ஜான் தெ பிரிட்டோ அவர்தான். ஒரு தாயின் நேர்ச்சை லிஸ்பனில் தொடங்கி ஓரியூரின் செம்மணலில் வந்து முடிந்திருக்கிறது. ஆகவே குழந்தைக்காக யாரிடம் நேர்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் ஜாக்கிரதை.

ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர். ஜெர்மனியில் பதினான்கு புனிதர்களை ஒரே குழுவாக வணங்கும் பழைய வழக்கம் உண்டு, அது அவர்களுக்குச் சரி. நாம் பதினான்கு பேரை வைத்துக்கொண்டால் அது வாட்ஸ்ஆப் குழு மாதிரி ஆகிவிடும், ஒருவரிடமும் ஒழுங்காகப் பேச முடியாது.

சுரூபம் வாங்கும்போது ஏமாறாதீர்கள்

கடைக்காரர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை, நாமே ஏமாந்துபோவோம். கையில் லீலி மலர், இன்னொரு கையில் குழந்தை இயேசு. இது யார்? அந்தோணியாராகவும் இருக்கலாம், சூசையப்பராகவும் இருக்கலாம். தாடி இருந்தால் சூசையப்பர். தாடி இல்லாமல், உச்சந்தலை மழித்து, பழுப்பு அங்கியும் இடுப்பில் கயிறும் இருந்தால் அந்தோணியார். குழந்தை பெரும்பாலும் ஒரு புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். எங்கள் உறவில் ஒரு வீட்டில் அந்தோணியார் என்று நினைத்துச் சூசையப்பருக்கு ஆறு மாதமாகச் செவ்வாய் நவநாள் நடந்துகொண்டிருந்தது. அவர் பொறுமைசாலி, நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர், அப்போதும் பேசவில்லை.

குதிரையில் இருப்பவர் காலடியில் பறவை நாகம் இருந்தால் ஜார்ஜ், நாகம் இல்லாமல் வாளோடு வந்தால் சந்தியாகப்பராக இருக்கும். நாகமும் தராசும் இறக்கையும் இருந்தால் மிக்கேல் சம்மனசு, அதாவது வானதூதர். நெற்றிக்கு மேல் தீப்பொறியும் மார்பில் இயேசுவின் முகம் பதித்த பதக்கமும் இருந்தால் யூதா ததேயு. பாவம், காட்டிக்கொடுத்த யூதாசோடு பெயர் ஒன்றாகிவிட்டதால் பல காலம் அவரிடம் போகவே ஆட்கள் தயங்கினார்களாம். வேறு யாரிடமும் வேலை நடக்காமல் கடைசியில் வருகிறவர்களின் புனிதராக அவர் ஆனது அப்படித்தான் என்பார்கள்.

அந்தோணியார் என்ற பெயரிலும் இரண்டு பேர் உண்டு. பக்கத்தில் பன்றி நிற்க, நீண்ட தாடியோடு இருப்பவர் எகிப்தின் வனத்து அந்தோணியார், விழா ஜனவரி 17. குழந்தையோடு இருப்பவர் பதுவை அந்தோணியார், விழா ஜூன் 13. உவரியிலும் புளியம்பட்டியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் கூட்டம் தேடிப் போவது பதுவைக்காரரை.

சரித்திரம் தெரியாமல் சிநேகம் கிடையாது

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறார். படம் வாங்கினோம், மெழுகுவர்த்தி கொளுத்தினோம், மனுக் கொடுத்தோம் என்று இருப்பது தாலுகா அலுவலகத்துக்குப் போய் வருவது மாதிரி. ஒருவரின் கதை தெரிந்தால்தான் அவரோடு பேச்சு வரும். அந்தோணியாரையே எடுத்துக்கொள்வோம், எனக்கு அதிகம் பழக்கமானவர்.

அவர் பெயர் அந்தோணியே இல்லை, பெர்னாந்து. ஊர் பதுவையும் இல்லை. 1195இல் அருளானந்தரைப் போலவே லிஸ்பனில் பிறந்தவர். அகுஸ்தீன் மரபுத் துறவியாகக் கோயிம்பிரா நகரில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தார். மொராக்கோவில் வேதசாட்சிகளாக இறந்த ஐந்து பிரான்சிஸ்கன் சகோதரர்களின் உடல்களை 1220இல் அந்த நகருக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் மனம் புரண்டுவிட்டது. பிரான்சிஸ்கன் சபைக்கு மாறினார். அங்கே அவர் சேர்ந்த சிறுமடம் வனத்து அந்தோணியார் பெயரில் இருந்தது, அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். தானும் மொராக்கோ போய் வேதசாட்சியாக இறக்க வேண்டும் என்று புறப்பட்டார். போன இடத்தில் நோயில் படுத்தார். சரி, திரும்பிப் போவோம் என்று கப்பலேறினால் காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போய் சிசிலியில் விட்டது. போர்ச்சுக்கலுக்குப் புறப்பட்டவர் இத்தாலியில் கரையேறினார்! அங்கே அவர் யார், எவ்வளவு படித்தவர் என்று யாருக்கும் தெரியாது. போர்லி என்ற ஊரில் 1222இல் ஒரு குருப்பட்ட விழாவில் மறையுரை வைக்க யாரும் தயாராக இல்லாமல், கடைசியில் இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அதன்பின் அவர் பிரசங்கம் கேட்கக் கூடிய கூட்டம் கோயில்களுக்குள் அடங்கவில்லை. ரிமினியில் ஆட்கள் கேட்க மறுத்தபோது ஆற்றங்கரையில் நின்று மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார், மீன்கள் தலையை நீட்டிக் கேட்டன என்பது கதை. கடற்கரைக்காரர்களுக்கு அவரை ஏன் பிடித்துப்போனது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தொலைந்த பொருள் விஷயம் எப்படி அவர் தலையில் வந்தது? அவரிடம் விவிலியத்தின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு புத்தகம் இருந்தது. அச்சு வராத காலம், புத்தகம் என்றாலே கையால் எழுதியது. போதாததற்கு, பாடம் சொல்லிக் கொடுக்க அதன் ஓரங்களில் அவர் குறிப்புகளும் எழுதியிருந்தார். சபையில் புதிதாகச் சேர்ந்து, பின் அதை விட்டு ஓடிய ஒரு நவசந்நியாசி போகிற போக்கில் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்தோணியார் செபித்தார். பையன் புத்தகத்தோடு திரும்பி வந்தான், சபையிலும் மறுபடி சேர்ந்தான். மடிக்கணினியில் ஆறு மாத வேலையைத் தொலைத்தவர்களுக்கு அவர் அன்று பட்ட பாடு புரியும். சாவி தேடும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். நமக்காகத் தேடித் தருகிறவர் போக நினைத்த ஊருக்குப் போய்ச் சேராதவர், தன் பொருளையே ஒருமுறை தொலைத்தவர். அதனால் நம்மைப் பார்த்துச் சலித்துக்கொள்ள மாட்டார்.

1231 ஜூன் 13 அன்று பதுவைக்கு அருகில் இறந்தார். அடுத்த வருஷம் மே 30 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார், முதல் திதிகூட வரவில்லை. நம் நட்டாலம் தேவசகாயத்தின் கதையோ வேறு. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் புனிதராக அறிவிக்கப்பட்டது 2022 மே 15 அன்று, 270 வருஷம் கழித்து. பட்டா மாற்றம் தாமதமாகிறது என்று புலம்புகிறவர்கள் அவரிடம் வேண்டிக்கொள்ளலாம்.

வீட்டில் ஓர் இடம்

அதிகம் எழுத ஒன்றுமில்லை. பார்வைக்குத் தெரியும் உயரத்தில் ஒரு சின்னத் தட்டு, ஒரு சிலுவை, படமோ சுரூபமோ. சிலுவை நடுவில், புனிதர் பக்கத்தில். கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தீயணைப்புக்கு புளோரியன் என்று ஒரு புனிதர் இருக்கிறார்தான், அவருக்கு வேலை வைக்க வேண்டாம்.

பேசுவது

செபப்புத்தகத்துத் தமிழ் அழகான தமிழ். "இறைஞ்சி", "நினைத்தருளும்", "அடைக்கலமாக ஓடிவந்து" என்றெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்போது ஒரு நிதானம் வரும். அதை விடாதீர்கள். ஆனால் அதை முடித்துவிட்டு உங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டு நிமிடமாவது பேசுங்கள். வாடகை, முட்டிவலி, மகனின் மார்க்கு, மேலதிகாரியின் சிடுசிடுப்பு எல்லாம் சொல்லலாம். நாள் குறித்துக்கொள்வது நல்லது. அந்தோணியாருக்குச் செவ்வாய், அவர் அடக்கம் நடந்தது செவ்வாய்க்கிழமை. சூசையப்பருக்குப் புதன், மாதாவுக்குச் சனி. தினமும் முடியாவிட்டால் வாரத்தில் அந்த ஒரு நாளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

நவநாள் என்றால் ஒன்பது நாள். இயேசு விண்ணேறியபின் தூய ஆவி வரும்வரை சீடர்களும் மரியாவும் கூடிச் செபித்த நாட்களிலிருந்து வந்த கணக்கு. புதியவர்கள் எல்லாரும் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மறந்துவிடுவார்கள். மறந்தால் மறுநாள் தொடருங்கள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இது பாம்பும் ஏணியும் விளையாட்டு இல்லை.

ஒன்பது நாள் பொறுக்க முடியாத அவசரமா? அன்னை தெரேசாவுக்கும் அப்படி அவசரங்கள் வரும். "மிகவும் இரக்கமுள்ள தாயே" என்று தொடங்கும் செபத்தை ஒரே மூச்சில் ஒன்பது தடவை சொல்லிவிடுவார். பத்தாவது தடவை கேட்டது கிடைத்ததற்கு நன்றியாக, கிடைப்பதற்கு முன்பே! இந்த விரைவு நவநாளை ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நான் சொல்லியிருக்கிறேன்.

அவசரக்காரர்களுக்கென்று எக்ஸ்பெதித்துஸ் என்றும் ஒரு புனிதர் உண்டு. அவர் காலடியில் ஒரு காகம் மிதிபட்டுக் கிடக்கும். அது "க்ராஸ், க்ராஸ்" என்று கரைந்ததாம், லத்தீனில் நாளைக்கு என்று பொருள். அவர் கையில் உயர்த்திய சிலுவையில் இன்றைக்கு என்று எழுதியிருக்கும். நம் ஊர்க் காகம் விருந்தாளி வருகிறார் என்று கரையும், ரோமாபுரிக் காகம் வேலையைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறது.

பேசி முடித்தும் மனது அடங்காவிட்டால் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மணிலாவில் சொன்ன வழியைப் பின்பற்றலாம். தூங்கும் சூசையப்பரின் சுரூபம் ஒன்று அவர் மேசையில் இருந்தது. ஒரு சிக்கல் வந்தால் அதைத் தாளில் எழுதி சுரூபத்துக்கு அடியில் வைத்துவிடுவாராம், சூசையப்பர் அதைப் பற்றிக் கனவு காணட்டும் என்று. நற்செய்தியில் அவருக்கு எல்லாத் தகவலும் கனவில்தானே வந்தது.

நேர்ச்சை: வாயை விடுவதற்கு முன்

இங்கேதான் குடும்பச் சண்டைகள் வரும். என் பெரியம்மா ஒருத்தி, வேளாங்கண்ணி மாதாவிடம் தன் கணவருக்கு வேலை மாற்றம் கேட்டு, கிடைத்தால் அவர் மொட்டை போடுவார் என்று நேர்ந்துவிட்டாள். கிடைத்துவிட்டது. பெரியப்பாவுக்கு மண்டையில் இருந்ததே பத்துப் பதினைந்து முடி, அவற்றின் மேல் அவருக்கு இருந்த பாசம் சொல்லி முடியாது. மூன்று மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

திருச்சபைச் சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் வைத்திருக்கிறது. 1193ஆம் எண் சட்டத்தின்படி ஒரு நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். பெரியம்மா நேர்ந்தால் பெரியம்மாதான் மொட்டை. இதைப் பங்குச் சாமியார் எடுத்துச் சொன்னபோது பெரியப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் பங்குச் சாமியார் தன் மக்களுக்குத் தனி நேர்ச்சையிலிருந்து விடுதலை கொடுக்கலாம். நேர்ந்ததைவிட மேலானதையோ அதற்குச் சமமானதையோ செய்வதாக நாமே மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. கடைசியில் பெரியம்மா ஒரு வருஷம் வெள்ளிக்கிழமைகளில் காப்பி குடிக்கவில்லை. அது மொட்டையைவிடக் கஷ்டம் என்பது அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே சின்னதாக நேருங்கள், உங்கள் கையால் ஆவதை, உங்கள் காசில். உப்பும் மிளகும், ஒரு மெழுகுவர்த்தி, தெரியாத ஒருவருக்கு ஒருவேளைச் சாப்பாடு. அந்தோணியார் ரொட்டி என்ற வழக்கம்கூட இப்படி ஒரு சின்ன நேர்ச்சையில்தான் உலகமெல்லாம் பரவியது. பிரான்ஸில் துலோன் நகரத்துக் கடைக்காரப் பெண் ஒருவரின் கடைப்பூட்டு, 1890 வாக்கில் ஒருநாள் திறக்கவே இல்லை. கதவை உடைக்க ஆள் வந்துவிட்டார். உடைக்காமல் திறந்தால் ஏழைகளுக்கு ரொட்டி தருகிறேன் என்று அந்தோணியாரிடம் சொன்னார், சாவி திரும்பியது. செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் உங்கள் கையில் யாராவது ரொட்டித் துண்டைத் திணித்தால் அந்தப் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

திட்டலாமா, மிரட்டலாமா?

உரிமையோடு கோபித்துக்கொள்வதில் நாம் தனி ஆள் இல்லை. போர்ச்சுக்கலிலும் பிரேசிலிலும் கல்யாணமாகாத பெண்கள் அந்தோணியாரைத் தலைகீழாக நிறுத்திவைப்பார்கள், கையிலிருக்கும் குழந்தையைக் கழற்றி ஒளித்துவைப்பார்கள். மாப்பிள்ளை வந்தால்தான் குழந்தை திரும்பக் கிடைக்கும். இதையெல்லாம் செய்துவிட்டு லிஸ்பன்காரர்கள் அவர் விழாவுக்கு முந்தின ராத்திரி தெருவெல்லாம் அடுப்பு மூட்டிச் சாளை மீன் சுட்டுச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் வீடு விற்காவிட்டால் சூசையப்பர் சுரூபத்தைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆவிலா தெரேசாவோ அதே சூசையப்பரிடம் கேட்டு எதுவும் கிடைக்காமல் போனதாக நினைவே இல்லை என்று எழுதிவைத்தார், 1562இல் தொடங்கிய தன் முதல் மடத்துக்கு அவர் பெயரையே வைத்தார். தோண்டிப் புதைத்ததாகத் தகவல் இல்லை.

என் கணக்கு இதுதான்: பேரன் தாத்தாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது போல இருந்தால் பரவாயில்லை. இதைச் செய்தால் அவர் தந்தே ஆக வேண்டும் என்று சூத்திரமாகிவிட்டால் அது பக்தி இல்லை, மந்திரவாதம். 'இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாதவருக்கு நான்கே நாளில் நஷ்டம்' என்று வரும் செய்திகளும் அதே ரகம். எந்தப் புனிதரும் உங்கள் தொலைபேசிக் கட்டணத்தில் ஊழியம் நடத்துவதில்லை. அழித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. நான் இதுவரை நூறு செய்தியாவது அழித்திருப்பேன்.

கிடைக்காவிட்டால்

கிடைக்காமலும் போகும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோய் தீராமல் போன வீடுகளை எனக்குத் தெரியும். நம்பிக்கை குறைவாக இருந்ததால்தான் என்று அங்கே போய் யாரும் சொல்லாதீர்கள். தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள், அல்லது காப்பி போட்டுக் கொடுங்கள்.

எங்கள் ஆச்சியின் பாம்படத்தில் ஒன்று தொலைந்துபோனது. தாத்தா செய்துபோட்டது. அந்தோணியாரிடம் சொன்னாள், ஏசினாள், படம் இரண்டு முழு வாரம் சுவரைப் பார்த்தே நின்றது. கிடைக்கவில்லை. கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போவதும், உண்டியலில் காசு போடுவதும், வரும்போது ரொட்டி வாங்கி வந்து எங்களுக்குப் பிய்த்துக் கொடுப்பதும் நிற்கவில்லை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் வம்புக்குக் கேட்டேன், இன்னுமா அவரை நம்புகிறாய் என்று.

"தேடிக்கிட்டுதான் இருப்பாரு. வயசான மனுசன், மெல்லத்தான் செய்வாரு."

"வயசானவரா? ஆச்சி, அவரு சாகும்போது முப்பத்தாறு வயசுதான்."

ஆச்சி ரொட்டியைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"முப்பத்தாறா? நம்ம கடைசி மவன் வயசா?" எழுந்து போய்ப் படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முதன்முறையாகப் பார்ப்பதுபோல முகத்தைப் பார்த்தாள். "சின்னப் பையனப் போயா இத்தன வருசமா இந்த ஏச்சு ஏசிட்டேன்?"